காஃபீன் பொம்மை பூமாலை மாதிரி தொங்குகிறது, பொன்னாடையும் சிவந்துவிட்டது: உதவி தேவை

டிகிரி_காபி:

வணக்கம். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தவர்களும் வேதியியல் தெரிந்தவர்களும் சேர்ந்து வந்தால்தான் இது தீரும் போலிருக்கிறது.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் எனக்கு வேதியியல் எடுத்த டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே ஃபில்டர் காபி வாசம் நுழைந்துவிடும். அதனால் பழைய மாணவிகள் சார்பில் காஃபீன் மூலக்கூறு பொம்மை ஒன்று பின்னித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கண், சிரிப்பு, தோளில் குட்டிப் பொன்னாடை எல்லாம் உண்டு.

செய்தது இதுதான். 4 பிளை பருத்தி நூல், 2.5 மி.மீ. ஊசி. கார்பன் கறுப்பு, நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு. மேஜிக் ரிங்கில் (உருண்டையைத் தொடங்கும் இழுவளையம்) 6 கண்ணி, அப்புறம் 12, 18, 24, 30. முப்பதிலேயே இன்னும் ஐந்து சுற்று கூட்டாமல் குறைக்காமல் போய், 24, 18, 12, 6 என்று குறைத்து மூடினேன். ஹைட்ரஜன் மட்டும் வெள்ளையில் சின்னதாக, 18 கண்ணி வரை. மொத்தம் 25 உருண்டை. மூடும்போது மிஞ்சிய வால் நூலாலேயே ஒன்றோடொன்று தைத்துவிட்டேன்.

இப்போது சிக்கல். ஆறு உருண்டை வளையமும் ஐந்து உருண்டை வளையமும் மேசையில் படுக்கவே மாட்டேன் என்கின்றன. கையில் தூக்கினால் பூமாலை. பஞ்சை இன்னும் திணித்துப் பார்த்தேன். கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

அடுத்தது பொன்னாடை. வெள்ளைப் பருத்தி நூலில் பின்னி, மஞ்சள்தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டேன். நிறம் அருமையாகப் பிடித்தது. தூள் உதிர்கிறதே என்று துணி சோப்புப் போட்டு அலசினேன், செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. நான் இருப்பது ஈரோட்டில். மஞ்சள் மண்டி ஊரில் இருந்துகொண்டு மஞ்சளிடம் தோற்றேன் என்று வெளியே சொல்ல முடியுமா?

கறுப்பு நூலில் கண்ணியே தெரியவில்லை என்பது தனிப் புலம்பல். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

அரைத்தூக்கம்:

கட்டுக்கம்பியை உள்ளே விட்டு முறுக்கிவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

கொக்கி_பாட்டி:

கம்பி வேண்டாம் தம்பி. அந்த டீச்சர் வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் முதலில் அதைத்தான் வாயில் வைக்கும். பருத்தி நூலைக் குத்திக்கொண்டு கம்பி வெளியே வர ரொம்ப நாள் ஆகாது.

கண்ணு, நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது. வால் நூலாலேயே தைத்தேன் என்கிறாய். வால் எங்கிருந்து வருகிறது? உருண்டையை மூடிய முனையிலிருந்து. அப்படியானால் ஒவ்வொரு உருண்டையும் அடுத்ததை அந்த முனையால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணி கோப்பதுபோலக் கோத்துவிட்டு, தட்டையாகப் படுக்கவில்லையே என்றால் அது எப்படிப் படுக்கும்?

மேஜிக் ரிங் மேலே பார்க்க வேண்டும், மூடிய முனை கீழே பார்க்க வேண்டும். ஒட்டும் இடம் இடுப்பில். உன் கணக்குப்படி உருண்டைக்கு 14 சுற்று வருகிறது, அதனால் 7-ஆம் சுற்றுக்கும் 8-ஆம் சுற்றுக்கும் நடுவேதான் இடுப்பு. வால் நூலை உருண்டைக்குள் இழுத்துப் புதைத்துவிடு. தைக்கத் தனி நூல் எடு. இன்னொன்று, ஒரே புள்ளியில் குத்தித் தைத்தால் கதவுக் கீல் மாதிரி ஆடும். மூன்று கண்ணி அகலம், இரண்டு சுற்று உயரம், அவ்வளவு இடத்தைச் சுற்றிச் சின்ன வட்டமாகத் தை.

வெள்ளை எட்டிப் பார்ப்பதற்கு மேலே திணித்த பஞ்சை வெளியே எடுத்தாலே போதும். அடுத்த முறை கறுப்பு உருண்டைக்குள் வெளிப்பக்கம் கறுப்பு நூல் வெட்டல்களைப் போட்டு, நடுவில் பஞ்சை வை. குறைக்கும்போது இரண்டு கண்ணியின் முன் இழைகளை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ஓட்டை விழாது. கறுப்பு நூலுக்கு நான் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு பகலில் மட்டும் பின்னுவேன். வேறு வித்தை எனக்குத் தெரியாது.

பிப்பெட்:

பொன்னாடையை ஆரத்தி ஆக்கிவிட்டீர்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே கதைதான். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின். காரம் பட்டால் அது ஹைட்ரஜனை இழந்து சிவப்பாகத் தெரியும். துணி சோப்பு காரம். அமிலம் பட்டால் பழைய நிறத்துக்கே திரும்பும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்து பொன்னாடையை முக்குங்கள், கண் முன்னால் மாறும். அப்புறம் வெறும் தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும் வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம், மஞ்சள் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். நன்றாகக் காய்வதற்குள் பொம்மைமேல் போட்டீர்கள் என்றால் வெள்ளை ஹைட்ரஜன் எல்லாம் மஞ்சள் குளித்துவிடும். இனி அதற்குச் சோப்பே காட்டாதீர்கள்.

பெரிய விஷயம் வேறு. 25 உருண்டை என்றீர்களே, ஒன்று கூடுதல். காஃபீனில் கார்பன் 8, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. மொத்தம் 24. எந்த நிறத்தில் ஒன்று அதிகம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

டிகிரி_காபி:

பாட்டி, நீங்கள் சொன்னதேதான். எல்லாம் முனையில்தான் தைத்திருக்கிறேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்பெட், எலுமிச்சை வேலை செய்தது! அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே" என்றார்.

வெள்ளை 11 இருக்கிறது. நைட்ரஜனுக்கு மூன்று கை, அதாவது மூன்று பிணைப்பு, என்று படித்த ஞாபகம். ஐந்து உருண்டை வளையத்தில் ஒரு நைட்ரஜனுக்கு இரண்டு பக்கத்துணைதான் இருந்தது. பாவமாக இருந்ததால் ஒரு ஹைட்ரஜன் வைத்தேன்.

பிப்பெட்:

பாவம் பார்த்த இடத்தில்தான் தப்பு. அந்த நைட்ரஜன் ஒரு பக்கத்துக் கார்பனை இரண்டு கைகளால் பிடித்திருக்கிறது. மூன்று கையும் தீர்ந்துவிட்டது. அந்த வெள்ளையை எடுத்துவிடுங்கள். மற்ற மூன்று நைட்ரஜன்களிலும் ஒவ்வொரு மெத்தில், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். அதில் ஒன்பது வெள்ளை போய்விடும். பத்தாவது வெள்ளை, ஐந்து வளையத்தில் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கார்பனுக்கு.

மெத்தில் விஷயத்தில் மட்டும் கை தவற வேண்டாம். ஆறு உருண்டை வளையத்தில், ஆக்சிஜன் ஒட்டிய இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் இருக்கிற நைட்ரஜனின் மெத்தில் விட்டுப்போனால் அது தியோபுரோமின். கோகோவில் இருப்பது. காபி டீச்சருக்குச் சாக்லேட் கொடுத்த கதை ஆகிவிடும்.

கோணம் கொஞ்சம் முன்பின் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எது எதோடு சேர்கிறது என்பது தப்பினால் பொம்மை வேறு பொருளாகிவிடும்.

நூல்கணக்கு:

கோணமும் சரியாகவே வரும், அளவுகோல்கூடத் தேவையில்லை. உங்கள் உருண்டையின் இடுப்பில் 30 கண்ணி. 360-ஐ 30-ஆல் வகுத்தால் 12. ஆக ஒரு கண்ணிக்கு 12 பாகை. இதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

ஒரே அளவு உருண்டைகள் ஆறு தட்டையாக வட்டம் கட்டினால், ஒவ்வொன்றும் தன் இரண்டு பக்கத்துணைகளை 120 பாகை இடைவெளியில் தொடும். அதாவது வளையத்தின் உட்பக்கம் 10 கண்ணி. ஐந்து உருண்டை வளையத்தில் 108 பாகை, 9 கண்ணி. இரண்டு வளையங்களுக்கும் பொதுவான இரண்டு கார்பன்கள்தான் பொம்மைக்கு முதுகெலும்பு. அவற்றில் ஆறு வளையப் பக்கம் 10, ஐந்து வளையப் பக்கம் 9, வெளிப்பக்கம் 11. கூட்டிப் பாருங்கள், 30. யாரோ நமக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது.

வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவற்றுக்கு: ஆறு வளையத்தில் மீதி 20 கண்ணியின் நடுவில், அதாவது இரண்டு பக்கமும் பத்துப் பத்து. ஐந்து வளையத்தில் மீதி 21, அதைப் பத்தும் பதினொன்றுமாகப் பிரியுங்கள். அரைக் கண்ணி வித்தியாசத்தைப் பஞ்சு விழுங்கிக்கொள்ளும்.

கண்ணிகளை ஒரே சுற்றில் எண்ணுங்கள். மேஜிக் ரிங்கிலிருந்து நேர்கோடு பிடித்து இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். 8-ஆம் சுற்றில் நிறநூல் முடிச்சுப் போட்டு அங்கிருந்தே எண்ணுவது என் வழக்கம்.

டிகிரி_காபி:

படுத்துவிட்டது! இரண்டு வளையமும் தோசைக்கல் மாதிரி தட்டையாக மேசையில் கிடக்கின்றன. பொதுக் கார்பன் இரண்டையும் முதலில் தைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போனேன். தூக்கினாலும் மடியவில்லை.

மெத்தில்களில்தான் இப்போது சந்தேகம். மூன்று ஹைட்ரஜனையும் இடுப்பிலேயே தைத்தால் விசிறி மாதிரி தட்டையாக வருகிறது. அப்படியே விடலாமா?

பிப்பெட்:

தட்டையாக விட்டால் உங்களுக்குத் துணைக்குப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். 1865-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர், குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு என்று அவர் பூசிய நிறங்களைத்தான் நீங்கள் நூல்கடையில் தேடி வாங்கியிருக்கிறீர்கள். அவருடைய கார்பனும் நான்கு கைகளையும் ஒரே தளத்தில் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. கைகள் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உருவம்) மூலைகளை நோக்கிப் போகின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெலும் தனித்தனியாகச் சொன்னது 1874-இல்.

ஆனால் உங்கள் டீச்சர் 1874-க்கு அப்புறம் படித்தவர். நிமிர்த்திவிடுங்கள்.

நூல்கணக்கு:

இங்கேதான் உங்கள் பழைய தப்பு கைகொடுக்கும். மெத்தில் கார்பனை மட்டும் முனையால் தையுங்கள். மூடிய முனை நைட்ரஜனைத் தொடட்டும், வால் நூலுக்கும் வேலை கிடைத்துவிடும். மேஜிக் ரிங் வெளியே பார்க்கும். அந்த ரிங்கிலிருந்து எண்ணி 6-ஆம் சுற்றில், பத்துப் பத்துக் கண்ணி இடைவெளியில் மூன்று வெள்ளையையும் வையுங்கள். நான்முகிக் கோணமான 109.5 பாகைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

டிகிரி_காபி:

வந்துவிட்டது. முக்காலி மாதிரி நிற்கிறது. கடைசிக் கேள்வி: கண் எங்கே வைப்பது? பிளாஸ்டிக் கண் வாங்கி வைத்திருந்தேன், உருண்டைகளை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கொக்கி_பாட்டி:

மூடிய உருண்டைக்குப் பிளாஸ்டிக் கண் ஆகாது கண்ணு. பின்பக்க வாஷரை உள்ளேயிருந்து அழுத்தினால்தான் நிற்கும். நூலிலேயே தைத்துவிடு. பொதுக் கார்பன் இரண்டிலும் ஆளுக்கு ஒரு கண், கறுப்பின்மேல் வெள்ளை நூல் பளிச்சென்று தெரியும். தூங்கும் கண் வேண்டாம், காபியல்லவா.

அரைத்தூக்கம்:

கம்பிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன், இருந்தாலும் கேட்கிறேன். காபி குடித்தால் ஏன் தூக்கம் வருவதில்லை? இந்த உருண்டைகள் என்ன செய்கின்றன?

பிப்பெட்:

நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேரும். அது நரம்புச் செல்களில் தனக்கென்று இருக்கும் இடத்தில், அதாவது ஏற்பியில், போய் உட்கார்ந்தால் அசதி வரும். அடினோசினிலும் இதே மாதிரி ஆறும் ஐந்துமாக ஒட்டிய இரட்டை வளையம் உண்டு. சாயல் ஒத்துப்போவதால் காஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். உட்கார்ந்து வேலை எதுவும் செய்யாது, அடினோசினை உட்கார விடாது, அவ்வளவுதான். பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுவோமே, அது.

டிகிரி_காபி:

அப்படியானால் அது பொன்னாடையே இல்லை, துண்டு! மஞ்சளா சிவப்பா என்று மட்டும் யாரும் அரசியல் பேசாதீர்கள்.

டிகிரி_காபி:

விழா முடிந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லவும், ஒரு புகார் சொல்லவும் வந்தேன்.

டீச்சர் பொம்மையை வாங்கியதும் துண்டை ஒதுக்கிவிட்டு எண்ணத் தொடங்கினார். நிஜமாகவே விரல் வைத்து. இருபத்துநான்கு என்றதும் நான் மூச்சு விட்டேன். மெத்தில்களைத் திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "இரட்டைப் பிணைப்பு நாலு இருக்கணுமே, எங்கே?" என்றார். மேடையிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குத் திரும்பிப்போய் நின்றேன். பொம்மை இப்போது திருத்தத்துக்காக என் வீட்டில் இருக்கிறது.

கொக்கி_பாட்டி:

பிரிக்காதே. இரட்டைக் கை வருகிற மூட்டுகளின் மேல் வெள்ளை நூலால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு இழுத்துவிடு. எந்த நாலு மூட்டு என்று பிப்பெட் சொல்லட்டும்.

பிப்பெட்:

ஆக்சிஜன் ஒவ்வொன்றும் கார்பனைத் தொடும் இடம், அது இரண்டு. கண் வைத்த இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் ஒன்று. நாலாவது, நீங்கள் பாவம் பார்த்தீர்களே, அந்த நைட்ரஜனுக்கும் பத்தாவது வெள்ளை வைத்த கார்பனுக்கும் நடுவில்.