சினிமாச் சண்டை பார்த்துக் கை நீட்டும் பிள்ளைகள்: பெற்றோரிடம் என்ன சொல்வது?

பனையோரம்
கொழிஞ்சாம்பாறை பக்கம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை ட்யூஷன். பறந்து உதைப்பதும் கழுத்தைப் பிடிப்பதும் கூடிவிட்டது. தமிழ்ப் படம், மலையாளப் படம் ரெண்டும் பார்க்கிற பிள்ளைகள். பெற்றோரைக் கூப்பிட்டு 'போன்தான் காரணம்' என்று சொல்லலாமா? வீட்டில் என்ன மாற்றச் சொல்வது?

வாளையார்க்காரன்
'போனும் ஒரு காரணமாக இருக்கலாம்' வரை சொல்லுங்க டீச்சர், அதுக்கு மேல் ஆதாரம் தாங்காது. வன்முறை வீடியோ கேம் பற்றிய 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவோடு 2018-ல் சேர்த்துப் பார்த்தார்கள். ஆடுகிறவர்களிடம் பின்னாளில் அடிதடி கூடுவது தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த முரட்டுத்தனத்தோடு மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு 0.08 அளவுதான் (முழுத் தொடர்பு என்றால் 1). 2019-ல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரிடம் பார்த்ததில் தொடர்பே தென்படவில்லை. ரெண்டும் கேம் பற்றியவை, சினிமாவுக்கு அப்படியே ஒட்டவைக்காதீங்க.

படத்துக்குப் பொருந்துவது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் 1965 சோதனை. ஒரு ஆள் பொம்மையை அடிக்கிற படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அடித்தவனுக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்தவர்கள் குறைவாகவே அதைச் செய்தார்கள். அப்புறம், 'பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்றதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. அதாவது எல்லாருமே கற்றிருந்தார்கள், வெளியே காட்டவில்லை, அவ்வளவே. நம் படங்களில் அடிப்பவர் கதாநாயகன், கிடைப்பது விசில். கவலைப்பட வேண்டிய இடம் அது. ரத்தம் எத்தனை சொட்டு என்பது அடுத்த கேள்வி.

கோபாலபுரம் செக்போஸ்ட்
வீட்டு வேலைக்கு வருவோம். யூடியூப் கிட்ஸில் பிள்ளையின் கணக்கை 'பெற்றோர் அனுமதித்தது மட்டும்' என்ற அமைப்பில் வைத்தால் தேடும் வசதியே போய்விடும். தவறுகிற இடங்கள் மூன்று. அந்த ஆப்பில் பெற்றோருக்கான பூட்டு பெருக்கல் கணக்குதான் கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை திறந்துவிடும், சொந்த பாஸ்கோடு போடணும். சாதாரண யூடியூப் ஆப்பை முடக்காமல் விட்டால் எல்லாம் வீண். முடக்கினாலும் குரோம் வழியாக அதே தளம் திறக்கும்.

2024 முதல் தியேட்டர் படங்களுக்கு யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்துச் சான்று தருகிறார்கள். ஏழு வயதுக்கு 13+ படம் வேண்டாம். போனைப் பாதிச் சண்டையில் பிடுங்காதீங்க, அழுகைக்குப் பயந்து திருப்பிக் கொடுத்தால் அழுதால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை படிக்கும். ஐந்து நிமிடம் முன்பே சொல்லி, அந்தக் காட்சி முடிந்ததும் வாங்கணும்.

பனையோரம்
நன்றி. விளையாட்டுச் சண்டையா நிஜச் சண்டையா என்று எப்படிப் பிரிப்பது?

வாளையார்க்காரன்
முகத்தைப் பாருங்க. விளையாட்டில் சிரிப்பு இருக்கும், துரத்தியவனே அப்புறம் துரத்தப்படுவான், முடிந்ததும் சேர்ந்தே நிற்பார்கள். நிஜத்தில் பல் கடிப்பு, ஒருவனே எப்போதும் கீழே, முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம்.

பெற்றோரைப் பார்க்கும் முன் ரெண்டு வாரம் நோட்டில் எழுதுங்க: நேரம், அதற்கு முன் நடந்தது, செய்தது, பிறகு கிடைத்தது. 'ரொம்ப முரடன்' என்று எழுதாதீங்க, '5.40, பென்சில் பறித்தான், தடுத்தவனை உதைத்தான், பென்சில் அவனிடமே இருந்தது' என்று எழுதுங்க. 'பிறகு கிடைத்தது' என்ற இடத்தில் பென்சில் அவனிடமே இருக்கிற வரை உதை நிற்காது. அதை மாற்றுவது உங்கள் கையில். வீட்டில் அடி வாங்குகிற அடையாளம் ஏதும் தெரிந்தால் சினிமாப் பேச்சை விட்டுவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்க.