காவேரிப்பாக்கம் ஏரியில் பிள்ளைகளைப் படகேற்றிப் பாடம் நடத்தலாமா?

வாலாஜா வாசி:
பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நிரம்பும் ஏரி நம்முடையது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய் நீர்ச்சூழல் பாடம் நடத்தலாம். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், அது மறையும் ஆழத்தை வைத்துக் கலங்கலை அளந்துவிடலாம். மெல்லிய வலையில் நுண்ணுயிர்களை அள்ளலாம். 1969இல் நீரில் இறக்கப்பட்டு ஹட்சன் ஆற்றில் ஓடும் கிளியர்வாட்டர் பாய்மரக் கப்பலில் அமெரிக்கப் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள்.

ஆற்காடு டீச்சர்:
சார், வதோதரா ஹர்ணி ஏரியை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் பள்ளிச் சுற்றுலா போன 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆளேற்றியிருந்தார்கள், பலருக்கு மிதவைச் சட்டை இல்லை. நம் ஏரி நிரம்பினால் சுமார் 30 அடி. என் வகுப்பில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தட்டான் புழு, நத்தை, மீன்குஞ்சு எல்லாம் கரையோரப் புல்லில்தான் அதிகம். ஒரு வடிகட்டியும் வெள்ளைத் தட்டும் போதுமே, படகு எதற்கு?

வாலாஜா வாசி:
கரையில் உயிர்கள் அதிகம், சரிதான் டீச்சர். ஆனால் ஏரி என்பது கரை மட்டுமில்லையே! காற்று அடங்கிய வெயில் நாளில் மேல்தண்ணீர் சுடும், கீழே இறங்கிக் கலக்காது, அதனால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அங்கேயும் தாக்குப்பிடிக்கும் சிவப்புப் புழுக்களுக்கு நம் ரத்தத்தில் உள்ள மாதிரியே ஹீமோகுளோபின் உண்டு. அந்தச் சேற்றை எடுக்க நடு ஏரிக்குத்தான் போக வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஏற்றாமல், மிதவைச் சட்டையோடு, இங்கே வலை போடும் மீனவர்களையே துணைக்கு வைத்துப் போகலாம்.

ஆம்பூர்க்காரன்:
எங்கள் பக்கம் பாலாறே வருடத்தில் பெரும்பாலும் மணல்தான். வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. எங்கள் பிள்ளைகள் முதலில் அந்தக் கழிவால் தெருக் கிணற்றில் ஏறிய உப்பை அளக்கட்டும். படகில் போய்த்தான் தண்ணீரைப் படிக்க வேண்டும் என்றால், ஏரி வற்றிய ஊர்ப் பிள்ளைக்குப் பாடமே இல்லையா?

ஆற்காடு டீச்சர்:
அண்ணன் சொல்வது நியாயம். கிணறு, கரை இரண்டுக்கும் நாளைக்கே நான் தயார். படகுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேறு வேண்டுமென்றால் மீனவர் எடுத்து வரட்டும், கரையில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

வாலாஜா வாசி:
எடுத்து வந்த சேற்றில் ஆழம் தெரியாதே டீச்சர். கயிற்றைப் பிள்ளையே இறக்கிப் பார்க்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிள்ளைகளை மட்டும், பெற்றோர் ஒருவரோடு அனுப்பினால் சம்மதிப்பீர்களா?