பட்டம் கிடக்கட்டும், மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் வந்தால் என்ன கிடைக்கும்?

வைப்பாற்றங்கரை:
வணக்கம். என் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. கோவையில் சி.என்.சி. (கணினியில் ஓடும் கடைசல் எந்திரம்) கம்பெனியில் இருக்கும் எங்கள் மாமா, "ஹெல்ப்பராகச் சேர்த்துவிடுகிறேன், மாதம் பதினான்காயிரம், தங்க ரூமும் உண்டு" என்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். நான் திருப்பூரில் செக்கிங் வேலையில் இருக்கிறேன், பத்தாம் வகுப்போடு நின்றவள். கல்லூரி வாசலை மிதித்ததில்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். படித்தால் வேலை கிடைக்குமா என்பது என் கேள்வியில்லை. மூன்று வருடம் அங்கே போய் வந்தால் ஒரு பையனுக்குள் என்ன மாறும்? மாமாவுக்குப் பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

கணபதி பட்டறை:
அம்மணி, வேலைக்கு அனுப்புங்கள். இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். நான்கு லேத், இரண்டு சி.என்.சி. போன மாதம் பி.எஸ்சி. முடித்த பையன் ஒருவன் வேலை கேட்டு வந்தான். வெர்னியர் அளவுக்கருவியைக் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க" என்றான். அது அவன் தப்பில்லை. மூன்று வருடம் யாரும் அவன் கையில் எதையும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. அவன் வயதே உள்ள ஐ.டி.ஐ. பையன் எங்களிடம் டிராயிங் பார்த்து மெஷினுக்கு ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போடுகிறான், மாதம் இருபத்திரண்டாயிரம் வாங்குகிறான். பதினெட்டில் கை பழகுவது மாதிரி இருபத்தொன்றில் பழகாது.

கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரி முதல் தேர்வு) தேறவில்லை. திறமை உள்ளவனைக் கல்லூரி கண்டுகொள்ளவில்லை. இல்லாதவனுக்கு அது என்ன செய்துவிடும்?

மூன்றாம் பெஞ்ச்:
நானும் பி.ஏ. வரலாறுதான். அரசு மகளிர் கல்லூரி, தமிழ் வழி. உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பள்ளியில் குடவோலை முறை எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று ஒப்பிப்போம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எங்கள் பேராசிரியர் உத்திரமேரூருக்கே கூட்டிப் போனார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. கி.பி. 919, 921 என்று இரண்டு ஆண்டுகளில் வெட்டியது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தோம். நடுநடுவே சமஸ்கிருதச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வந்ததால் திணறினோம். அவர் நிதானமாக வாசித்துக் காட்டினார். சபைக்கு வர வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவர் சொந்தக்காரர்களும் வரக்கூடாது.

வாசித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சுவரில் உங்கள் பாட்டி எங்கே இருக்கிறாள்?"

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதே சண்டைதான். இதைத் தேர்தல் என்று சொல்லலாமா கூடாதா, கணக்குக் காட்டாதவனை ஆயிரம் வருடத்துக்கு முன்பே தடுத்தது பெரிதா, நிலமில்லாதவனை உள்ளே விடாதது பெரிதா என்று. புத்தகத்தில் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது, அந்தக் கல்லில் வெட்டச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், வெட்டாமல் விடப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் இதை யார் சொன்னார், எதை விட்டுவிட்டார் என்று தேடாமல் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. ஊரில் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் வரவு செலவைக் காட்டுங்கள் என்று கேட்டதும் அதே பாடத்தால்தான்.

அப்புறம் இன்னொன்று. "காலேஜ் படிக்கிறாள்" என்ற ஒரு சொல்லுக்காக மூன்று வருடம் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எழவில்லை. என்னோடு பத்தாவது படித்தவர்களில் நான்கு பேருக்கு அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

கணபதி பட்டறை:
படிக்க நன்றாக இருக்கிறது அம்மணி, பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அந்தப் பேராசிரியர் கொடுத்தது. கல்லூரி கொடுத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அப்படிப்பட்ட ஒருவர் இந்தப் பையனுக்கு வாய்ப்பார் என்று யார் உறுதி சொல்வது? நல்ல மேஸ்திரி கிடைத்தால் பட்டறையும் பள்ளிக்கூடம்தான்.

தபால் பட்டதாரி:
நான் பட்டறைக்காரர் பக்கம். ஆனால் பட்டமும் வேண்டும் என்பேன். பகலில் ஜவுளிக்கடை வேலை, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வீட்டுக்கு வரும் புத்தகம், அவ்வளவுதான். அரசு வேலைத் தேர்வுகளில் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும் என்பதற்காகத்தான் படித்தேன். பிளஸ் டூவுக்குப் பிறகு முறையாகப் படித்ததால் தகுதியில் எந்தக் குறையும் வரவில்லை. மூன்று வருடச் சம்பளமும் கையில் வந்தது, அதில் அக்காவின் நகையை மீட்டோம். தம்பி கோவைக்குப் போகட்டும், அங்கிருந்தே படிக்கட்டும்.

மூன்றாம் பெஞ்ச்:
அண்ணா, அந்த மூன்று வருடத்தில் படித்ததைப் பற்றி யாரோடாவது பேசினீர்களா? குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தபால் பட்டதாரி:
இல்லை. கடையில் கூட இருந்தவர்களுக்கு நான் படிப்பதே தெரியாது. தேர்வு மையத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேனா வாங்கியதுதான் என் கல்லூரி நட்பு. அந்தக் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. வட்டியைத் தாங்கியிருக்க முடியாது.

கரும்பலகை:
அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தும் கௌரவ விரிவுரையாளன் நான். முதலில் பட்டறை அண்ணன் சொன்னதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பல துறைகளில் ஆள் போதாது. ஷிப்டு முறை என்பதால் மதியத்துக்குப் பிறகு வளாகம் வேறு மாணவர்களுடையது, நூலகத்தில் உட்கார இடமிருக்காது. என் மாணவர்களில் பாதிப் பேர் முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங்குக்குப் போய்விட்டு மறுநாள் முதல் வகுப்பில் கண் சொருக உட்கார்ந்திருப்பார்கள். எழுப்ப மனம் வராது.

ஆனால் ராமானுஜனை இப்படிப் பயன்படுத்துவதை விட்டுவிட முடியாது. அந்தக் கதை கல்லூரி தேவையில்லை என்று சொல்லவே இல்லை. சின்ன வயதில் அவர் வீட்டில் தங்கிப் படித்த இரண்டு கல்லூரி மாணவர்கள்தான் பள்ளியைத் தாண்டிய கணக்கை அவருக்குக் காட்டினார்கள். எஃப்.ஏ. தோற்ற பிறகு நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த அந்த வருடங்களில், ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்த பலவற்றைத் தெரியாமல் அவரே மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லக்கூட அருகில் ஆளில்லை. நிரூபணம் என்றால் என்னவென்று உட்கார வைத்துச் சொல்லவும் ஆளில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் வயிற்றுக் கவலையில்லாமல் கணக்குப் போட்டார். 1914இல் கேம்பிரிட்ஜ். அங்கே அவரை அழைத்துக்கொண்ட கணிதவியலாளர் ஹார்டியே பின்னால் எழுதியிருக்கிறார், ஒரு கணிதக்காரனுக்கு 18 முதல் 25 வயது வரைதான் முக்கியமான காலம், ராமானுஜனுக்கு அந்தக் காலத்தில் நேர்ந்த சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியவில்லை என்று. கும்பகோணத்தில் இங்கிலீஷில் தோற்றாலும் கணக்கில் தொடர விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பேன். எங்கள் கல்லூரிகள் இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. கோபம் கல்லூரி சரியாக நடக்க வேண்டும் என்பதற்குத்தான்.

படிப்பில் என்ன கிடைக்கிறது என்றால், என் பாடத்திலிருந்து சொல்கிறேன். பிளஸ் டூவில் வகைக்கெழு சூத்திரம் தெரியும், போட்டுக்கொண்டே போவார்கள். இங்கே மெய்ப் பகுப்பாய்வு நடத்தும்போது எல்லை (லிமிட்) என்றால் என்ன, "நெருங்குகிறது" என்று எந்த உரிமையில் சொல்கிறாய் என்று கேட்போம். முதல் மாதம் திகைத்துப் போவார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவன்கூடத் தனக்கு இது தெரியாது என்று முதல்முறையாகச் சொல்வான். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளும் வகுப்புக்கு வருகிறானே, அதைத்தான் நான் படிப்பு என்கிறேன். தனியாக அறையில் இருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பான். பக்கத்தில் இன்னும் நாற்பது பேர் திகைத்திருப்பதைப் பார்ப்பதால்தான் வருகிறான்.

கணபதி பட்டறை:
ராமானுஜன் விஷயத்தில் நான் பாதிதான் தெரிந்து பேசினேன். சரி, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மற்றதில் மாறவில்லை. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேரும் விகிதம் நம் மாநிலத்தில் 47 சதவீதம், இந்தியா முழுக்க 28.4 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அத்தனை பேர் கையிலும் பட்டம் இருக்கும்போது ஒரு பட்டத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

மூன்றாம் பெஞ்ச்:
அந்தத் தங்கை கேட்டது பட்டத்தின் விலையை அல்ல அண்ணா, உள்ளே என்ன மாறும் என்று. உங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

கணபதி பட்டறை:
ஒரே மகள். பி.காம். இரண்டாம் ஆண்டு. தினமும் கல்லூரிப் பேருந்தில் போய் வருகிறாள். கேட்பீர்கள் என்று தெரியும், நேர்மையாகவே சொல்கிறேன். அவளிடம் மாற்றம் தெரிகிறது. போன வாரம் என் ஜி.எஸ்.டி. கணக்கை எடுத்துப் பார்த்து, ஆடிட்டர் விட்ட ஒரு இன்வாய்ஸைக் காட்டினாள். "எப்படிக் கண்டுபிடித்தாய்" என்றால், "எதைப் பார்த்தாலும் டாலி ஆகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டது" என்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அவள் தோற்றாலும் விழப் பட்டறை இருக்கிறது. இந்தப் பையன் மூன்று வருடம் கழித்து வெறுங்கையோடு நின்றால் அவன் எங்கே விழுவான்? உள்ளே மாறுவது எல்லோருக்கும் நல்லதுதான். அதற்கு ஆகிற செலவைத் தாங்க எல்லா வீட்டாலும் முடியாது. நான் சொல்வது அதைத்தான்.

கரும்பலகை:
இதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. செலவைக் குறைக்கிற விவரம் மட்டும் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மற்ற கட்டணங்கள் கொஞ்சம் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு 2022லிருந்து புதுமைப் பெண் இருக்கிறது. கல்லூரியிலேயே அதற்கொரு பொறுப்பாசிரியர் இருப்பார், முதல் வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு அவன் பெயரில் இருக்க வேண்டும்.

தபால் பட்டதாரி:
அந்த ஆயிரம் ஐ.டி.ஐ.க்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரி அல்லது ஹெல்ப்பர் வேலை என்று இரண்டே வழி போலப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கரும்பலகை:
ஆமாம், உண்டு. சொல்லியிருக்க வேண்டும்.

வைப்பாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் போனில் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். ஐ.டி.ஐ. பற்றியும் சொன்னேன். உத்திரமேரூர் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னான். "நம்ம ஊர்க் கோயில் தூணிலும் எழுத்து இருக்கிறது அக்கா, யாராவது படித்திருப்பார்களா?" என்று கேட்டான். அந்தத் தூணில் எழுத்து இருப்பது எனக்குத் தெரியாது. அந்தக் கோயிலில்தான் எனக்குக் காது குத்தினார்கள்.

கல்லூரியில் சேர்க்கிறோம். அம்மா சரி என்றுவிட்டார். மாமாவுக்கு வருத்தம்தான். வீட்டுச் சீட்டுப் பணம் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, அதை நான் ஓவர்டைம் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன். பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னது என் மனதில் இருக்கிறது. லீவில் அவன் கை பழக ஏதாவது வழி உண்டா?

கணபதி பட்டறை:
ஏப்ரல் தேர்வு முடிந்ததும் அனுப்புங்கள் அம்மணி. இரண்டு மாதம் எங்களோடு தங்கட்டும், சாப்பாடு வீட்டில். முதல் வாரம் மெஷினைத் தொட விடமாட்டேன், அளக்க மட்டும் பழகட்டும். செருப்போடு வரக்கூடாது, ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
தங்கச்சி, அந்தத் தூண் எழுத்தை அவன் போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிற காலை நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெயிலில் எழுத்துத் தெரியாது. சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம், கல் கெட்டுவிடும். மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது) எடுப்பதை வரலாற்றுத் துறையில் சொல்லித் தருவார்கள்.