ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்: சீமாட்டி போனபிறகு பயம் மிச்சம் இருக்கிறதா?

குன்னூர்வாசி:
2021 மே மாதம் வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் என்ற திகில் வீடியோ ஆட்டத்தை இப்போதுதான் முடித்தேன். கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், ஆடாதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

கேப்காம் நிறுவனம் இந்த ஆட்டத்தை விற்றதே கோட்டைச் சீமாட்டி லேடி திமித்ரெஸ்குவின் முகத்தை வைத்துத்தான். தொப்பி, குதிகால் செருப்பு சேர்த்து 2.9 மீட்டர் உயரம். கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து நுழைந்து, அப்புறம் மெதுவாக நிமிர்கிறாள். அந்த ஒரு நொடிக்கே கொடுத்த காசு தகும். ஆனால் சுமார் பத்து மணி நேர ஆட்டத்தில் கால்வாசி போவதற்குள் அவள் கதை முடிந்துவிடுகிறது. அதுவும் எப்படி? இறக்கை முளைத்த மிருகமாக மாற்றி, கோபுர உச்சியில் வைத்துச் சுடச் சொல்கிறார்கள். கூடத்தில் நடந்து துரத்தியபோது இருந்த நடுக்கம், அவள் பறந்து வந்தபோது எனக்குத் துளியும் இல்லை.

கோடைச்சோலை:
அண்ணா, துரத்துகிற ஆள் கூடவே இருந்தால் பழகிவிடும். எந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போனால் போதும் என்று கோட்டையிலேயே நாம் கற்றுக்கொண்டுவிடுகிறோம். பத்து மணி நேரம் இதையே செய்தால் அவள் வெறும் இடைஞ்சல் ஆகியிருப்பாள். சரியான நேரத்தில்தான் அனுப்பிவைத்தார்கள்.

கோட்டையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அவளைவிட அவள் மகள்கள் மூவரும்தான். ரத்தக்காட்டேரியை வீழ்த்துவது என்றாலே வெயில், சிலுவை, பூண்டு. இங்கே குளிர். பூச்சிக் கூட்டமாகக் கலைந்து சேரும் உடம்பில் தோட்டா பாயாது. பனிக்காற்று பட்டதும் உடம்பு இறுகிவிடும், அப்புறம்தான் அடி விழும். ஒருத்திக்குச் சன்னல் உடைய வேண்டும், இன்னொருத்திக்குச் சுவரையே குண்டு வைத்துத் தகர்க்க வேண்டும். டிசம்பர் ராத்திரியில் சன்னல் இடுக்கில் துணி அடைத்துத் தூங்குகிற கொடைக்கானல்காரிக்கு, சன்னல் உடைந்தால்தான் உயிர் தப்பலாம் என்பது உடம்பிலேயே உறைக்கிற விஷயம். எங்கே வெளிச்சுவர் இருக்கிறது என்று அறைக்கு அறை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பயம் கோட்டையோடு போய்விட்டது என்றால் அதற்கு அடுத்து வரும் பெனவியெண்டோ வீட்டை என்ன சொல்வீர்கள்?

குன்னூர்வாசி:
அதை மறுக்க மாட்டேன் தங்கச்சி. ஆயுதம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு நிலவறையில் விடுகிறார்கள். எங்கோ குழந்தை அழுகிறது, விளக்கு அணைகிறது, கட்டிலுக்கு அடியில் ஒளிய வேண்டியதுதான். இந்தத் தொடரிலேயே அதற்கு நிகரான இடம் குறைவு. என் ஆதங்கமும் அதுதான்: இவ்வளவு தெரிந்தவர்கள், அதன்பின் ஏன் துப்பாக்கியைக் கீழே வைக்கவே இல்லை?

இன்னொரு வில்லன் ஹைசன்பெர்க்கின் ஃபேக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே டீ ஃபேக்டரி. சீசனில் இரவு முழுக்க இயந்திரம் ஓடும்போது காதில் விழுவதற்கு முன்பே தரையில் தெரியும். ஹெட்போனில் அந்த அதிர்வை அப்படியே கேட்டேன், உண்மையிலேயே உறைந்துபோனேன். ஆனால் அடுத்த திருப்பத்தில் துளைப்பான் பொருத்திய சிப்பாய் வருகிறான், நெஞ்சில் சிவப்பு விளக்கு. இங்கே சுடு என்று எழுதி ஒட்டாத குறை. அதோடு பயம் போய்த் தோட்டாக் கணக்கு வந்துவிடுகிறது.

கோத்தகிரி_இரவு:
நடுவில் வருகிறேன். அந்தத் திமித்ரெஸ்கு அம்மா ரத்தக்காட்டேரியே இல்லை என்பதுதான் எனக்குக் குறை. பரம்பரை ரத்த நோய், உடம்பில் வைத்த ஒட்டுண்ணி, அதற்காக மனித ரத்தமும் சதையும் வேண்டும் என்று குறிப்புத் தாள்களில் விளக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் பூஞ்சைதான் காரணம். விளக்கிய பேய் பேயா?

கோடைச்சோலை:
இந்தத் தொடரில் பேய் எப்போது இருந்தது? 1996 முதல் ஆட்டத்திலிருந்தே வைரஸ்தான். அந்தப் பூஞ்சை இல்லாவிட்டால் நாம் ஆடும் நாயகன் ஈதன் வின்டர்ஸின் கை கதை வீணாகியிருக்கும். வெட்டுப்பட்ட கையை மருந்து ஊற்றி ஒட்டிக்கொள்கிறான், நாமும் ஆட்டம்தானே என்று விட்டுவிடுகிறோம். அவன் முந்தைய ஆட்டத்திலேயே செத்துப்போனவன், பூஞ்சையால் நடமாடுகிறவன் என்று கடைசியில் தெரியும்போது, அந்தக் கை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். கடத்தப்பட்ட மகளுக்காக அவன் ஓடிய அத்தனை ஓட்டத்துக்கும் அர்த்தமே வேறாகிவிட்டது.

அண்ணா சொன்ன தோட்டாக் கணக்கு நியாயம், ஃபேக்டரி ஒரு மணி நேரம் குறைந்திருக்கலாம். ஆனால் வியாபாரி ட்யூக்கிடம் மீனும் கறியும் கொடுத்துச் சமைத்து உடம்பைத் தேற்றுவது, பூட்டிய கிணறுகளுக்காகக் கிராமத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது, இதெல்லாம் துப்பாக்கி ஆட்டத்தின் சுகமும்தான்.

குன்னூர்வாசி:
சுகம்தான். பயம் தருகிறேன் என்று அழைத்துவிட்டுச் சுகம் தந்தால் கேட்கத்தான் செய்வேன். 2022 அக்டோபரில் வந்த மூன்றாம் நபர் பார்வையில், அதாவது நாயகனுக்குப் பின்னால் இருந்து பார்த்தபடி, கோட்டையை மறுபடி ஆடப்போகிறேன்.

கோத்தகிரி_இரவு:
வேண்டாம் அண்ணா. முதுகைப் பார்த்துக்கொண்டு ஆடினால் அவள் குனிந்து நுழையும்போது உயரமே உறைக்காது. உங்களுக்குப் பிடித்ததே அந்த நொடிதானே.