கான்ஸ்டன்டைன் காசில் சூரியக் கடவுள் நிற்பது ஏன்?

களிம்புக்காசு (கேள்வி):
மாமா ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த, 19 மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்கலக் காசு ஒன்று என்னிடம் உள்ளது. முன்புறம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தலை. பின்புறம் கதிர்முடி சூடி, வலக்கையை உயர்த்தி, இடக்கையில் உருண்டை ஏந்தி நிற்கும் சூரியன். சுற்றிலும் 'சோலி இன்விக்டோ கோமிடி' என்ற எழுத்துகள். காசு கி.பி. 313க்குப் பிந்தையது என்கிறார்கள். 312இல் மில்வியன் பாலப் போரில் வென்றபின் கிறித்தவத்தின் பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்படும் பேரரசர், சூரியனை ஏன் விடவில்லை? இன்னொன்று: களிம்பைப் புளி போட்டுத் துலக்கலாமா?

அக்கசாலை:
அந்த வாசகத்தின் மூன்று சொற்களும் இலத்தீனில் நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான உருபு ஏற்றவை. 'வெல்லற்கரிய தோழனாகிய சூரியனுக்கு' என்று படிக்க வேண்டும். அதாவது, சூரியன் பேரரசரின் உடன்வரும் துணை. 313இல் மிலானில் எட்டப்பட்ட உடன்பாடு எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டு உரிமை தந்ததே ஒழிய, கிறித்தவத்தை அரச சமயமாக்கவில்லை. படைவீரர்கள் பலர் பழைய தெய்வங்களையே வணங்கிய காலத்தில், அவர்கள் கையில் புழங்கும் காசிலிருந்து சூரியனை ஒரே நாளில் இறக்கிவிடுவது அரசியல் புத்தியாக இருந்திருக்காது என்பது என் கருத்து. 315இல் ரோமில் எழுந்த அவருடைய வெற்றி வளைவிலும் சூரியன் தேரேறி வருகிறான். வெண்கலக் காசுகளில் அவன் மறைவது 318 வாக்கில்தான். பொற்காசுகளில் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தான்.

பழையஏடு:
மறைந்த இடத்தில் உடனே சிலுவை வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 327இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வெளியான அரிய வெண்கலக் காசில், கிறிஸ்துவின் பெயரின் முதல் இரு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய முத்திரையை உச்சியில் தாங்கிய படைக்கொடி, பாம்பு ஒன்றைக் குத்தி நிற்கிறது. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்தபின் வந்த சிறு காசுகள் இன்னும் சுவையானவை: முக்காடிட்ட பேரரசர் நான்கு குதிரைத் தேரில் மேலேறுகிறார், வானிலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. தேர் பழைய ரோமச் சடங்கின் மிச்சம். கையைக் கிறித்தவர் இறைவனின் கையாகக் கண்டனர். முன்பு சொன்ன கிரேக்க எழுத்து முத்திரை காசின் பின்புறம் முழுவதையும் நிறைத்தது பேரரசின் மேற்குப் பகுதியில் ஆட்சியைக் கைப்பற்றிய மாக்னென்டியஸ் காலத்தில், 353 வாக்கில்.

அக்கசாலை:
புளி வேண்டவே வேண்டாம். அமிலம் களிம்போடு மேற்பரப்பையும் அரித்துவிடும். முதலில் தேய்ந்து போவது சூரியனின் கதிர்முடியும் விரல்களும்தான். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள்.