டார்ச் வெளிச்சம் விரலைத் தாண்டி வருகிறது, எலும்பு ஏன் தெரிவதில்லை?

கேள்வி:
இருட்டில் செல்போன் டார்ச்சை விரல் நுனியால் மூடினால் விரலே சிவப்பாக ஒளிர்கிறது. அவ்வளவு வெளிச்சம் உள்ளே போகிறதே, எலும்பின் நிழலாவது தெரிய வேண்டாமா? அம்மாவுக்குக் கண் ஸ்கேன் எடுத்தபோது விழித்திரையின் அடுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அதுவும் வெறும் ஒளிதான் என்றார்கள். வயிற்றை ஏன் அப்படிப் பார்க்க முடியாது?

பதில் 1:
சிவப்புக்குக் காரணம் ரத்தம். ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிவிடும், சிவப்பு தப்பித்து வெளியே வரும். ஆனால் வழியெல்லாம் செல்களில் பட்டுச் சிதறித்தான் வரும். ஒரு டம்ளர் பாலுக்குள் கிடக்கும் கரண்டி தெரியாததும் இதனால்தான். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குப் படம் தேவையில்லை. 660 (சிவப்பு), 940 (அகச்சிவப்பு) நானோமீட்டர் அலைநீள ஒளி ஒவ்வொன்றும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒப்பிட்டால் போதும். அதனால் அது வேலை செய்கிறது.

பதில் 2:
அம்மாவுக்கு எடுத்தது ஓசிடி (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி) என்ற ஒளி ஸ்கேன். நான் தினமும் அதை எடுக்கிறவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1991-இல் வெளியுலகுக்கு வந்த முறை. கண்ணுக்குள் அனுப்பிய அகச்சிவப்பு ஒளி திரும்பி வந்ததும், கருவிக்குள்ளேயே கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளியோடு அதைச் சேர்த்துப் பார்ப்போம். எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது அதில் தெரிந்துவிடும். சில மைக்ரான் தடிமனுள்ள அடுக்குகூடப் பிரிந்து தெரியும்.

கண்ணில் இது இவ்வளவு நன்றாக வருவதற்குக் காரணம், விழித்திரைக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஒளி புகும் பொருள். கண்புரை முற்றியவர்களுக்குப் படம் மங்கிவிடும். கண் உலர்ந்திருந்தாலும் அப்படித்தான். "ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க" என்று சொல்லி உடனே எடுத்தால் அதே கோடுகள் பளிச்சென்று வரும். கண்ணீர்ப் படலம் கலைந்தாலே இந்தப் பாடு என்றால், தோல், கொழுப்பு, தசை தாண்டி வயிற்றுக்குள் எப்படிப் பார்ப்பது? தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு சரி. இதய ரத்தக்குழாயை ஓசிடியில் பார்க்க மெல்லிய குழாய் வழியே ஒளியை அங்கேயே கொண்டுபோகிறார்கள். அப்போதும் குறுக்கே நிற்கும் ரத்தத்தை ஒரு கணம் கழுவி விலக்கினால்தான் சுவர் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. வெளிச்சத்தைக் கூட்டினால்?

பதில் 2:
சிதறலும் கூடவே கூடும், திசு சூடாகும். ஆழம் வேண்டுமென்றால் ஒளியை அனுப்பி ஒலியைக் கேட்கும் முறை இருக்கிறது. லேசர் துடிப்பு பட்டதும் ரத்தம் துளியளவு சூடாகி விரியும், அதிலிருந்து மீயொலி கிளம்பும். திசுவுக்குள் ஒலி அவ்வளவாகச் சிதறாது, அதனால் சில சென்டிமீட்டர் ஆழத்து ரத்தக்குழாய்களைக்கூடப் படமாக்கலாம். ஒளி பட்டால் ஒலி பிறக்கும் என்பதை கிரஹாம் பெல் 1880-லேயே கண்டுவிட்டார்.