ஆர்மிங் டிலே: எந்தத் தாமதத்தைச் சொல்கிறோம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். விமானத்திலிருந்து விடப்பட்ட குண்டு வெடிக்கத் தகுதி பெறும் வரையான காத்திருப்பை ஆங்கிலத்தில் 'ஆர்மிங் டிலே' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் மதுரை ஐயா எழுதியது இது:

> 'ஆர்மிங் டிலே' என்பதற்கு 'வெடிப்புத் தாமதம்' என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாக இருக்கிறது.

மதுரை ஐயா அவர்களுக்கு: நீங்கள் தந்த சொற்கள் பலவற்றை நான் நாள்தோறும் எழுதுகிறேன். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய 1982 போரைப் பற்றிய மொழிபெயர்ப்பில்தான் இந்தக் கேள்வி எழுந்தது. அந்தப் போரே இந்தச் சொல்லுக்கு எதிரான சான்று.

பிரிட்டனின் கப்பல்களைத் தாக்கிய அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் போர் விமானம் 1950களின் வடிவமைப்பு. டாகர் விமானங்களுக்கு வானில் எரிபொருள் நிரப்பும் வசதியே இல்லை. தென்கோடித் தளங்களிலிருந்து 700 கிலோமீட்டர் அளவுக்குக் கடலைத் தாண்டி வர வேண்டும். தாழப் பறக்கும் ஜெட் எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே ஒரே பாய்ச்சல், ஒரே முயற்சி, உடனே திரும்பல். பிரிட்டனின் ஏவுகணைகளுக்கு அஞ்சி அலைகளை ஒட்டி வந்தார்கள்.

30 மீட்டர் உயரத்தில் குண்டை விடுவிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது கீழே வர இரண்டரை நொடி. 15 மீட்டர் என்றால் இரண்டு நொடிகூட இல்லை. அந்தக் குண்டுகளில் பலவும் பிரிட்டனில் செய்த 1000 பவுண்டு குண்டுகள். உயரத்திலிருந்து விழுவதை எண்ணிச் செய்தவை. இத்தகைய குண்டுகளில் பொதுவாக ஒரு சிறு காற்றாடி இருக்கும். விமானத்தை விட்டுப் பிரியும்போது ஒரு கம்பி உருவப்படும். காற்றாடி சுழலத் தொடங்கும். குறிப்பிட்ட சுற்றுகள் முடிந்த பிறகே குண்டு வெடிக்கத் தகுதி பெறும். அதுவரை அது வெறும் இரும்பு. விமானிக்கான பாதுகாப்பு அது.

இது முதல் காத்திருப்பு. இரண்டாவது, கப்பலைத் தொட்ட பிறகு வருவது. சமமாகப் பறந்து விடுவிக்கும் குண்டு விமானத்துக்குக் கீழேயே கூடப் போகும். அது கப்பலில் மோதும் கணத்தில் விமானம் ஏறத்தாழ நேர் மேலே இருக்கும். மோதியவுடன் வெடித்தால் விமானியும் போவார். அதனால் மோதலுக்கும் வெடிப்புக்கும் இடையே சிறிது நேரம் வைப்பார்கள். அந்த நேரம் நீண்டுவிட்டால், 14 மீட்டர் அகலமுள்ள கப்பலைக் குண்டு துளைத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறிவிடும்.

மே 12 அன்று பிரிட்டனின் கிளாஸ்கோ போர்க்கப்பலில் ஒரு குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது, வெடிக்கவில்லை. மே 21 அன்று ஆர்கோனாட் போர்க்கப்பலின் ஏவுகணைக் கிடங்குக்குள்ளேயே ஒரு குண்டு வெடிக்காமல் கிடந்தது. இந்தக் கப்பல்கள் முதல் காத்திருப்பால் தப்பினவா, இரண்டாவதாலா? இரண்டுக்கும் 'தாமதம்' என்று ஒரே சொல்லை வைத்தால் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது. என் மறுப்பின் உயிர்நிலை இதுதான்.

'ஆர்மிங்' என்பதற்கு அகராதியில் கண்ட 'ஆயுதமேற்றல்' சரிவராது. குண்டே ஆயுதம், அதில் எதை ஏற்றுவது? 'உயிர்ப்பு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கிறிஸ்தவத் தமிழில் அது இயேசு உயிர்த்தெழுந்ததைக் குறிக்கும் சொல். அதைக் குண்டுக்குத் தர மனம் ஒப்பவில்லை. 'முடுக்கம்' இயற்பியலில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது.

என் பரிந்துரை 'விழிப்பு'. குண்டு உறங்கிக்கொண்டே கீழே இறங்குகிறது, வழியில் விழிக்கிறது. எனவே முதல் காத்திருப்பு 'விழிப்பு நேரம்'. இரண்டாவதற்கு ஐயாவின் 'வெடிப்புத் தாமதம்' அப்படியே இருக்கட்டும். அதன் சரியான இடம் அங்கேதான். விழித்த குண்டு, விழிக்காத குண்டு என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. 'வெடிக்காத குண்டு', 'விழிக்காத குண்டு' இரண்டும் ஒன்றல்ல. மே 23 அன்று ஆன்டிலோப் கப்பலைத் தாக்கிய இரண்டு குண்டுகளும் வெடிக்காமல் கிடந்தன. அவற்றில் ஒன்றைச் செயலிழக்கச் செய்யும்போது அது வெடித்து, அந்த வேலையில் இருந்த வல்லுநர் இறந்தார். மறுநாள் கப்பலும் மூழ்கியது. கிடக்கும் குண்டு விழித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எளிதில் சொல்ல இயலாது. ஆகவே தெரியாத இடங்களில் 'வெடிக்காத' என்றே எழுதுவோம்.

அர்ஜென்டினக் கடற்படை விமானங்கள் பிரிட்டனின் ஆர்டென்ட் போர்க்கப்பல் மீது வீசியவை வேறு வகை. வால் இதழ்கள் விரிந்து வேகத்தைத் தணிக்கும். குண்டு பின்தங்கும், விமானம் விலகும், விழிக்கவும் நேரம் கிடைக்கும். ஆர்டென்ட் மூழ்கியது. இந்த வகைக்கு மொழிபெயர்ப்பில் 'மந்தக் குண்டு' என்றிருக்கிறது. 'பின்தங்கு குண்டு' என்றால் அதன் வேலையே பெயரில் தெரியும்.

மொழிபெயர்ப்பில் 'ஆர்மிங் டிலே' வரும் வரியை இப்படித் திருத்தலாமா: "குண்டு மிகத் தாழ்விலிருந்து விடப்பட்டதால், விழிப்பு நேரம் முடியுமுன்பே கப்பலைத் தாக்கியது."

குண்டை வெடிக்கத் தூண்டும் கருவியான 'ஃபியூஸ்' மட்டும் இன்னும் தீரவில்லை. 'உருகி' மின்சாரத்துக்கு உரியது, 'திரி' எரிவது. 'வெடிதூண்டி' என்று எழுதி வருகிறேன். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.